பரிசு வாங்காத 119 பேர்

கேள்வி: திருப்பூரில் அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனியை நான்கு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். 120 பேர் வேலை செய்கிறார்கள். அதில் 30 பேர் ஒடிசாவில் இருந்து வந்தவர்கள். போன தீபாவளி முடிந்ததும் ‘இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளர்’ என்று ஒரு திட்டம் தொடங்கினேன். சூப்பர்வைசர்கள் ஒருவரைத் தேர்வு செய்வார்கள். அவருக்கு 2,000 ரூபாயும், கேட் பக்கத்து போர்டில் போட்டோவும். மாதம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாதவர்களுக்குத் தனியாக 500 ரூபாய். முதல் இரண்டு மாதம் எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். இப்போது பரிசு வாங்கியவரிடம் தையல் லைனில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு போட்டோவை யாரோ கிழித்துவிட்டார்கள். இன்னொரு பெண் தன் போட்டோவை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினார். 11 வருடம் இருந்த, பிளாட்லாக் மெஷினில் தைக்கிற டெய்லர் அக்கா போன மாதம் நின்றுவிட்டார். காரணம் கேட்டால் ‘ஒண்ணுமில்லீங்க தம்பி’ என்கிறார். பரிசுத் தொகையைக் கூட்டினால் சரியாகுமா? இல்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

தொகையைக் கூட்ட வேண்டாம். கூட்டினால் இப்போது இருக்கும் கசப்பும் சேர்ந்து கூடும். மொத்தமாக நிறுத்தவும் வேண்டாம். நல்ல வேலை செய்கிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நீங்கள் நினைத்தது நல்ல எண்ணம். அது போய்ச் சேர்ந்த வழிதான் தவறிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் ஒருவர் என்றால் வருடத்துக்கு 12 பேர். உங்களிடம் இருப்பது 120 பேர். ஒருவருக்கே இரண்டாம் முறை கொடுக்காமல் இருந்தாலும், எல்லோருக்கும் ஒரு சுற்று வர 10 வருடம் ஆகும். ஒவ்வொரு மாதமும் ஒருவரிடம் ‘நீ சிறந்தவள்’ என்கிறீர்கள். அதே நாளில் மற்ற 119 பேருக்கும் ஒரு சேதி போகிறது. அதை நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் கேட்டுவிடுகிறார்கள். பரிசுத் திட்டம் போடுகிற முதலாளிகள் பெரும்பாலும் வாங்குகிறவரின் முகத்தைத்தான் மனதில் வைத்துக்கொண்டு போடுகிறார்கள். வாங்காதவர் அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது என்ன நினைப்பார் என்று யோசித்துப் போட்டவர்கள் ரொம்பக் குறைவு. என் வேலையில் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டது இதைத்தான். உங்கள் திட்டத்தைத் திருத்தும்போது அந்த 119 பேர் பக்கம் நின்று திருத்துங்கள்.

லீவு போடாதவர்களுக்கான 500 ரூபாயில் இருந்து தொடங்குகிறேன். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அதிகச் சேதம் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் துணி துவைத்துக் கொடுக்கும் ஆலைகளை நடத்தும் ஒரு நிறுவனத்தில் இதே திட்டத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். குப்ளர், லார்கின், பியர்ஸ் என்று மூன்று ஆய்வாளர்கள், 2016-ல் வெளியான கட்டுரை. லீவும் தாமதமும் இல்லாதவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வருகிற பெயருக்கு 75 டாலர் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். திட்டம் இருந்தவரை நேரத்துக்கு வருவது கூடியது உண்மை. ஆனால் ஒரு நாள் தவறி அந்த மாதத்துக்கான தகுதி போய்விட்டால், மீதி நாட்களில் பழையபடி ஆகிவிட்டார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு ஒன்று. பரிசு வருவதற்கு முன்பே ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர்களின் வேலை வேகம் 6 முதல் 8 சதவீதம் குறைந்துவிட்டது. நேற்றுவரை ஒருவர் பரிசு எதுவும் இல்லாமல் செய்துகொண்டிருந்ததற்கு, வராமல் இருந்தவன் வரத் தொடங்கியதும் பரிசு கொடுத்தால், முன்பே செய்தவருக்கு மனம் விட்டுப்போகும். உங்கள் பிளாட்லாக் அக்கா 11 வருடம் நேரத்துக்கு வந்தவராகத்தான் இருப்பார். அவர் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் நின்ற மாதத்தில், சேர்ந்து மூன்று மாதமான பையன் 500 ரூபாய் வாங்கியிருப்பான். அப்படித்தான் நடந்தது என்று எனக்குத் தெரியாது. நடந்திருக்க வாய்ப்பு உண்டு, வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள்.

இந்தத் தொகையை எடுத்துவிடாதீர்கள். கொடுத்துப் பழகியதை நிறுத்துவது, கொடுக்காமல் இருப்பதைவிட மோசமானது. இதற்கு நம் நாட்டிலேயே பழைய கதை உண்டு. முதல் உலகப் போர் காலத்தில் பம்பாய் மில்களுக்கு நல்ல லாபம். போர்க்கால போனஸ் என்று ஆரம்பித்து வருடா வருடம் கொடுத்தார்கள். 1923-ல் லாபம் இல்லை என்று முதலாளிகள் அதை நிறுத்தினார்கள். 1924 தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முதலாளிக்கு அது மனம் இருந்தால் கொடுக்கிற இனாம். தொழிலாளிக்கு அது வீட்டுக் கணக்கில் சேர்ந்துவிட்ட சம்பளம். அதனால் அந்த 500 ரூபாயைக் கூலியோடு சேர்த்துவிடுங்கள். முடியாது என்றால் மாதக் கணக்கை வாரக் கணக்காக மாற்றுங்கள். திங்கட்கிழமை லீவு போட்ட ஒருவருக்கு அடுத்த வாரம் புதிதாகத் தொடங்கட்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு எடுக்கிற லீவுக்குத் தொகை போகக் கூடாது. உங்களுக்கு லைன் ஓடுவதற்குத் தேவை யார் வரமாட்டார்கள் என்று முதல் நாளே தெரிவதுதானே. எப்படி மாற்றினாலும், அந்தத் தொகை பிஎஃப், ஈஎஸ்ஐ கணக்கில் எப்படி வரும் என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போனஸ் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தீபாவளி போனஸைப் பரிசு போலப் பேசாதீர்கள். 8.33 சதவீதம், அதாவது வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, நஷ்டம் வந்த வருடத்திலும் கொடுக்க வேண்டியது. உச்சவரம்பு 20 சதவீதம். 1965-ம் ஆண்டு போனஸ் சட்டத்தில் இருந்த இந்த விகிதங்கள்தான் புதிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. வர வேண்டிய பணத்தை மேடை போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு அது குத்தும். சனிக்கிழமை சம்பளம் எத்தனை மணிக்குக் கைக்கு வருகிறது, ஓவர்டைம் கணக்கு ஒழுங்காக இருக்கிறதா, பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, சூப்பர்வைசர் ‘வாடி போடி’ என்று பேசுகிறாரா என்று முதலில் பாருங்கள். இவற்றில் ஓட்டை இருக்கும்போது மேலே எந்தப் பரிசைக் கட்டினாலும் நிற்காது.

அடுத்தது எதற்குப் பரிசு என்ற கேள்வி. இதில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும், உங்களுக்கு அது உதவும்.

பல வருடங்களுக்கு முன் குழந்தை உடுப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் பணியாளர் துறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் செல்லோடேப் போட்டு ஒட்டி, கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி. மாதத்துக்கு ஊசி உடைவது அதிகமாக இருக்கிறது என்று, குறைவாக உடைக்கிற லைனுக்குப் பரிசு அறிவித்தேன். லைனில் ஆளுக்கு ஒரு பால் குக்கர். இரண்டே மாதத்தில் ரெஜிஸ்டரில் பக்கம் பக்கமாக வெள்ளையாக இருந்தது. முதலாளி என்னைப் பாராட்டினார். மூன்றாவது மாதம் பேக்கிங்கில் ஊசி கண்டுபிடிக்கும் மெஷின் கத்தியது. ஒரு கைக்குழந்தையின் உடுப்பில், இரண்டு கால் சேரும் தையலுக்குள் ஊசி முனை இருந்தது. நகக்கண் அளவுகூட இருக்காது. தைத்த பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டபோது, அழுதுகொண்டே பாபின் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு புது ஊசிகள். கடையில் சொந்தக் காசில் வாங்கி வைத்துக்கொண்டு, உடைந்தால் யாருக்கும் தெரியாமல் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். “என்னால நம்ம லைனுக்குக் குக்கர் போயிரக் கூடாதுன்னுதானுங்க” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊசி உடைந்ததை வந்து சொல்கிறவரைத் தண்டிக்கிற திட்டத்தை நான்தான் எழுதியிருந்தேன்.

அன்றைக்கு ஏற்கனவே கட்டிய பெட்டிகள் எல்லாவற்றையும் பிரித்தோம். அந்த இரவை நான் மறக்கவில்லை. அதன் பிறகு எங்கே போனாலும் ஒன்றைக் கேட்கிறேன்: இந்தப் பரிசை வாங்க வேண்டும் என்று ஒருவர் ரொம்ப ஆசைப்பட்டால், எதை மறைப்பார்? பீஸ் எண்ணிக்கைக்குப் பரிசு என்றால் தையல் விட்டுப்போனதை மறைப்பார். விபத்தே இல்லாத மாதத்துக்குப் பரிசு என்றால் விரலில் ஏறிய ஊசியை மறைத்து, கட்டிங் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு தைப்பார். லீவு போடாததற்குப் பரிசு என்றால் காய்ச்சலை மறைப்பார். தவறை முன்வந்து சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து பனியன் கம்பெனியில் காசு மிச்சம் பிடிக்கிற பாராட்டு அதுதான்.

உற்பத்திக்கு ஊக்கத்தொகை கொடுக்க வேண்டும் என்று இருந்தால், லைன் மொத்தத்துக்கும் கொடுங்கள். பீஸ் எண்ணிக்கையும், திருத்தித் தைக்க ஆல்டருக்குத் திரும்பி வரும் பீஸும் இரண்டும் சேர்ந்த கணக்காக இருக்கட்டும், ஒன்றைக் கெடுத்து இன்னொன்றை ஏற்ற முடியாதபடி. இலக்கைத் தொட்ட எந்த லைனுக்கும் உண்டு, எத்தனை லைன் தொட்டாலும் உண்டு என்று வையுங்கள். ஒரு லைன் ஜெயிக்க இன்னொரு லைன் தோற்க வேண்டும் என்று இருக்கும்போதுதான் போட்டோ கிழிகிறது. டெய்லருக்குக் கூடமாட உதவுகிற கைமடி, செக்கிங், அயர்னிங் ஆட்களை விட்டுவிடாதீர்கள். ஜூன் மாத வெக்கையில் நாள் முழுக்க நின்று அயர்ன் போடுகிறவர் எந்த போர்டிலும் வருவதில்லை. கூட்டிப் பெருக்குகிற அம்மா, வேன் டிரைவர் எல்லோருக்கும் ஒரு பங்கு வைக்க உங்களிடம் வழி இருக்கும்.

சரி, தனி ஆளைப் பாராட்டுவதே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். அதை மாதக் கடைசி வரை தள்ளி வைக்காமல், நடந்த அன்றோ மறுநாளோ, மெஷின் பக்கத்தில் போய் நின்று செய்யுங்கள். என்ன செய்தார், அதனால் என்ன ஆனது என்று இரண்டையும் சொல்லிச் செய்யுங்கள். “நல்லாப் பண்றீங்க” என்றால் அது காலை வணக்கம் மாதிரி, சொன்னதும் காற்றில் போய்விடும். “நேத்து கழுத்து ரிப் துணியில் கலர் ஷேடு மாறி வந்ததை முதல் பண்டல்லயே பார்த்துச் சொன்னீங்க. சொல்லாம இருந்திருந்தா 400 பீஸ் பிரிச்சுத் தைக்க வேண்டி வந்திருக்கும்” என்று சொல்லிப் பாருங்கள். அந்த அக்கா ராத்திரி வீட்டில் இதைச் சொல்வார். யாரும் பொறாமைப்படவும் மாட்டார்கள், ஏனென்றால் அவர் செய்தது என்ன என்று பக்கத்து மெஷின்காரருக்கும் தெரியும். ‘சிறந்தவர்’ என்ற பட்டத்தை யாராலும் நிரூபிக்க முடியாது. ஷேடு மாறியதைப் பார்த்தார் என்பதை யாராலும் மறுக்க முடியாது.

இதைச் செய்ய வேண்டியவர்கள் உங்கள் சூப்பர்வைசர்கள். அவர்களுக்கு இப்படிப் பேசி வழக்கம் இருக்காது, அவர்களிடமும் யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். முதலில் நீங்கள் அவர்களிடம் பேசித் தொடங்குங்கள். வாரத்துக்கு ஒரு நாள், பத்து நிமிடம், ‘இந்த வாரம் உங்கள் லைனில் யார் என்ன செய்தார்?’ என்று மட்டும் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் பதில் வராது. கேட்டுக்கொண்டே இருந்தால் பார்க்கத் தொடங்குவார்கள். பரிசுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை அவர்கள் கையில் மட்டும் விடாதீர்கள். சொந்தக்காரருக்குக் கொடுத்தார் என்று பேச்சு வந்தால் அது பொய்யாகவே இருந்தாலும் துடைக்க முடியாது. கூட வேலை செய்கிறவர்களும் ஒரு பெயரைச் சொல்லலாம் என்று வையுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லட்டும், ஆபீஸில் எழுதிக்கொள்ளட்டும்.

போட்டோவை எடுக்கச் சொன்ன பெண்ணிடம் மன்னிப்பு கேளுங்கள். கேட் பக்கத்து போர்டு என்றால் தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். வீட்டில் என்ன பேச்சு வந்ததோ நமக்குத் தெரியாது. அவர் பட்ட சங்கடத்துக்கு முன் 2,000 ரூபாய் பெரிதில்லை. இனிமேல் யாரையாவது எல்லோர் முன்னிலையில் பாராட்டுவதாக இருந்தால், “எல்லார் முன்னாடியும் சொல்லட்டுங்களா?” என்று தனியாகக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் அவர் கையில் ஒரு கடிதம் போதும்.

பொருளா, பணமா என்று இந்தத் துறையில் எப்போதும் பேச்சு உண்டு. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகங்களைப் பதிவு செய்ய மூன்று மணி நேர வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு குழுவுக்குச் சொன்ன கூலிக்கு மேல் 7 யூரோ கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே விலையில் ஒரு ஃபிளாஸ்க். 7 யூரோ வாங்கியவர்களின் வேலை பெரிதாகக் கூடவில்லை, ஃபிளாஸ்க் வாங்கியவர்கள் 25 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதோடு நிறுத்தவில்லை. பண நோட்டைச் சட்டை வடிவத்தில் மடித்து ஒரு குழுவுக்குக் கொடுத்தபோது ஃபிளாஸ்க் அளவுக்கே வேலை கூடியது. நமக்காக ஒருவர் உட்கார்ந்து மடித்திருக்கிறார் என்பதைத்தான் அவர்கள் பார்த்தார்கள். 2012-ல் வந்த ஆய்வு இது. இதை வைத்துக்கொண்டு கூலி உயர்வுக்குப் பதில் ஃபிளாஸ்க் கொடுக்கலாம் என்று யாரும் கணக்குப் போட்டுவிடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு வந்தவர்கள் அவர்கள். வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டுகிற உங்கள் ஆட்களுக்குக் கூலி கூலியாகத்தான் வர வேண்டும்.

நமக்கு இது புதிதும் இல்லை. பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுக்கிற பழக்கம் நம்முடையது. நான் பார்த்த ஒரு மில்லில், 10 வருடம் முடித்தவர்களுக்கு ஆயுத பூஜை அன்று எவர்சில்வர் தூக்குப்போசி கொடுப்பார்கள். பெயர், சேர்ந்த வருடம், வேலை செய்யும் பகுதி மூன்றையும் பாத்திரக்கடைக்காரர் உட்கார்ந்து வெட்டியிருப்பார். 10 வருடம் முடித்த எல்லோருக்கும் உண்டு, தேர்வு கிடையாது. ஒரு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரலால் எழுத்தைத் தடவி, “பேரு தப்பில்லாம போட்டிருக்காங்க” என்றார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் வருடக்கணக்காகத் தப்பாகத்தான் இருந்ததாம். நீங்கள் வருடத்துக்குச் செலவழிக்கும் 24,000 ரூபாயை இதற்குத் திருப்பினால், 5 வருடம், 10 வருடம் முடிக்கிற எல்லோருக்கும் அந்தந்த வருடம் கொடுத்துவிடலாம். பெயரை அவர்களிடமே ஒருமுறை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒடிசாக்காரர்களுக்குத் தூக்குப்போசியைவிட வேறு ஒன்று தேவைப்படும். ஊருக்குப் போய் வர, ஒடிசா வழியாகப் போகிற தன்பாத் ரயிலில் படுக்கை கிடைப்பது அவர்களுக்குப் பெரிய பாடு. முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறக்கிறது. யார் எப்போது ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொண்டு, திறக்கிற நாளில் ஆபீஸ் பையன் உட்கார்ந்து டிக்கெட் போட்டுக் கொடுக்கட்டும். திரும்பி வந்தால் அதே மெஷின், அதே கூலி இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிவிப்பு எதுவாக இருந்தாலும் ஒடியாவிலும் ஒட்டுங்கள். தமிழில் மட்டும் எழுதிய பரிசுத் திட்டம் அந்த 30 பேரைப் பொறுத்தவரை இல்லாத திட்டம்தான்.

கடைசியாக, எதையும்விடப் பெரியதாக நான் நினைப்பது இது. கைமடியாகச் சேர்ந்த பெண் எப்போது டெய்லர் ஆவார் என்று உங்கள் கம்பெனியில் எழுதி வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலான இடங்களில் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது மனமிரங்கி மெஷினில் உட்கார விட்டால் உண்டு. வாரத்துக்கு மூன்று நாள், அரை மணி நேரம், வேஸ்ட் துணியில் ஓவர்லாக் மெஷின் ஓட்டிப் பழகலாம் என்று அறிவியுங்கள். எந்த வேலையை எந்த அளவுக்குச் செய்தால் என்ன கூலி என்று படிப்படியாக எழுதி ஒட்டுங்கள். சொல்லிக் கொடுக்கிற டெய்லருக்கு அந்த நேரத்துக்குப் பீஸ் ரேட் நஷ்டமாகாமல் ஈடுகட்டுங்கள். கற்றுக்கொண்ட கைக்குக் கூலி ஏறுகிற நாளுக்கு எந்த போர்டு போட்டோவும் ஈடாகாது. இதற்குச் செலவாகும், மறைக்கவில்லை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரின் நடுவில் ஒரு பிளாட்லாக் டெய்லர் நின்றால் என்ன செலவு என்று போன மாதம் நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

எப்படி மாறுவது என்று கேட்பீர்கள். ஒரே நாளில் போர்டைக் கழற்றிவிட்டால், பரிசு வாங்கியவர்கள்தான் ஏதோ தப்பு செய்தது போல ஆகிவிடும். இந்த மாதப் பரிசை அறிவித்தபடி கொடுத்து முடியுங்கள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, சம்பளத்துக்கு முன் எல்லோரையும் ஒன்றாகக் கூட்டி நீங்களே சொல்லுங்கள்: ‘நல்லது என்று நினைத்துச் செய்தேன், சரியாக வரவில்லை, மாற்றுகிறேன். என்ன செய்யலாம் என்று உங்களையும் கேட்கப் போகிறேன்.’ மூன்று மாதம் கழித்து யார் வேலையை விட்டு நின்றார்கள், எத்தனை பேர் தவறைத் தாங்களே வந்து சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். உற்பத்தி ரிப்போர்ட்டைவிட அந்த நோட்டு உங்களுக்கு அதிகம் சொல்லும்.

அந்த பிளாட்லாக் அக்காவிடம் நீங்கள் போனில்தான் காரணம் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போங்கள், சூப்பர்வைசரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன், 11 வருடத்தில் அவர் செய்ததில் உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். உங்களுக்கு நினைவில்லை என்றால் கிளம்புவதற்கு முன் அப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.